குற்றமுள்ள வைரத்தோடு பழகுவது எப்படி: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

நகைக்கடையில் வைரம் பார்ப்பவர் லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு தேடுவது கல்லின் குற்றத்தை. நாமும் அதைத்தான் தேடப் போகிறோம். குற்றம் இருந்தால் அவர் கல்லை ஒதுக்கிவிடுவார், நாம் எடுத்துக்கொள்வோம். அவ்வளவுதான் வித்தியாசம்.

திருநெல்வேலி, பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், தென்காசிப் பக்கம் ஏதாவது ஒரு கல்லூரியில் இயற்பியலோ வேதியியலோ படிக்கிறவர்களையும் நடத்துகிறவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். வைரத்தைக் குவாண்டம் உணரியாக, அதாவது அணு அளவுக் குற்றத்தை வைத்துக் காந்தப்புலம், சூடு போன்றவற்றை அளக்கிற கருவியாகப் பயன்படுத்த ஏசி போட்ட பெரிய ஆய்வகம்தான் வேண்டும் என்றில்லை. எங்கள் மூன்றாம் மாடி அறையில் ஒரு மேசை, ஒரு கறுப்புத் துணி, கொஞ்சம் பொறுமை ஆகியவற்றோடு ஆரம்பித்தோம். தப்புகள் நிறையச் செய்தோம். கீழே இருப்பதில் பாதி அந்தத் தப்புகள் சொல்லிக்கொடுத்ததுதான்.

அந்தக் குற்றம் என்ன செய்கிறது

புள்ளிக் கோலம் போடும்போது ஒரு புள்ளியை வைக்க மறந்துவிட்டு, அதை ஒட்டிய புள்ளியைக் காவியில் வைத்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். வைரத்தில் கார்பன் அணுக்கள் வரிசை பிசகாமல் அடுக்கியிருக்கின்றன. அதில் ஓர் இடம் காலி, பக்கத்து இடத்தில் கார்பனுக்குப் பதில் நைட்ரஜன். இந்த ஜோடிக்கு என்.வி. (நைட்ரஜன்-வேக்கன்சி, அதாவது நைட்ரஜன்-காலியிடம்) மையம் என்று பெயர். இதில் இன்னோர் எலெக்ட்ரான் வந்து உட்கார்ந்து எதிர்மின்னேற்றம் பெற்றால்தான் நம் வேலைக்கு ஆகும்.

இந்த மையத்தின் ஸ்பின்னுக்கு (எலெக்ட்ரானின் குட்டிக் காந்தம் போன்ற குணம்) மூன்று நிலைகள்: 0, +1, −1. பூஜ்ஜியத்துக்கும் மற்ற இரண்டுக்கும் உள்ள இடைவெளி 2.87 கிகாஹெர்ட்ஸ். பச்சை லேசரை அடித்தால் மையம் சிவப்பாக ஒளிரும். 0 நிலையில் இருந்தால் பிரகாசமாக ஒளிரும். ±1 நிலையில் இருந்தால், ஏறிய சக்தியில் ஒரு பகுதி ஒளியாக வராமல் வேறு வழியாக இறங்கி 0 நிலைக்கு வந்து சேரும், அதனால் கொஞ்சம் மங்கல். ஆக, பச்சை ஒளி இரண்டு வேலை செய்கிறது: ஸ்பின்னை 0 நிலைக்குக் கொண்டுவருவது, ஸ்பின் எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டிக்கொடுப்பது. 2.87 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலையைக் கொடுத்தால் ஸ்பின் ±1 நிலைக்குப் போகும், சிவப்பு மங்கும்.

காந்தப்புலம் வந்தால் +1, −1 இரண்டும் விலகும், ஒரு மில்லிடெஸ்லாவுக்கு இந்தப் பக்கம் 28 மெகாஹெர்ட்ஸ், அந்தப் பக்கம் 28 மெகாஹெர்ட்ஸ் என்று. சூடு ஏறினால் 2.87 என்ற எண்ணே கீழே இறங்கும், ஒரு டிகிரிக்குச் சுமார் 74 கிலோஹெர்ட்ஸ். ஜோடி சேராத எலெக்ட்ரான் உள்ள அயனியோ மூலக்கூறோ பக்கத்தில் நடமாடினால், 0 நிலையில் நிறுத்திய ஸ்பின் சீக்கிரம் குலைந்துவிடும். மூன்றுக்கும் நமக்குக் கிடைக்கிற பதில் அதே சிவப்பு ஒளியின் ஏற்ற இறக்கம்தான். வைரம் பதில் சொல்லத் தயங்குவதே இல்லை. எந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது என்று கண்டுபிடிப்பதில்தான் நம் காலம் போகும்.

வரலாறு சுருக்கமாக: தனி ஒரு மையத்தின் இந்த மங்கலை 1997இல் பார்த்தார்கள். 2008இல் ஹார்வர்டிலிருந்து ஒன்று, ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஒன்று என இரண்டு கட்டுரைகள், வைரத்தை நானோமீட்டர் அளவில் காந்தமானியாகக் காட்டின. ஸ்டுட்கார்ட் கட்டுரையில் முதல் பெயர் கோபாலகிருஷ்ணன் பாலசுப்பிரமணியன். அந்தப் பெயரைப் பார்த்ததும் எங்கள் மாணவர்களுக்கு வந்த தெம்பு தனி. வைரம் ஏன் ஒளிர்கிறது என்று 1940களிலேயே சர் சி.வி. ராமன் பெங்களூரில் கல் கல்லாக வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வைரம் வாங்குவது

நகைக்காக வளர்க்கும் வெள்ளை வெளேரென்ற ஆய்வக வைரம் வேண்டாம். அதில் நைட்ரஜனும் குறைவு, நமக்கு வேண்டிய மையமும் குறைவு. உயர் அழுத்தத்தில் வளர்த்த, மஞ்சள் பாய்ந்த கல்லில்தான் நைட்ரஜன் ஏராளம். ஆனால் மஞ்சளாக இருந்தால் மட்டும் போதாது. எலெக்ட்ரான் கற்றையை அடித்துக் கார்பனை ஆங்காங்கே தட்டிவிட்டு, காற்றில்லாத சூழலில் 800 டிகிரிப் பக்கம் சூடாக்கினால், காலியிடங்கள் நகர்ந்து நகர்ந்து நைட்ரஜன் பக்கத்தில் போய் நிலைக்கும். இது கல்லூரியில் செய்கிற காரியம் இல்லை. ‘ஒளிரும் வைரத் துகள்’ என்றே விற்கிறார்கள், அதை வாங்கிவிடுங்கள்.

முதலில் வாங்க வேண்டியது மைக்ரான் அளவுத் துகள். கையாள எளிது, சிக்னலும் நன்றாக வரும். அடுத்தது, முடிந்தால், ஒரு சிறு ஒற்றைப்படிகத் தகடு. நானோவைரம், அதாவது 100 நானோமீட்டர் அளவுத் துகள், மூன்றாவதாக. எடுத்த எடுப்பில் நானோவைரம் வாங்கி ஒரு பருவத்தையே வீணாக்கியவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

லேசரும் கண்ணும்

532 நானோமீட்டர் பச்சை லேசர் வழக்கம். 520 நானோமீட்டர் டையோடு லேசரும் வேலை செய்யும். அதை நேரடியாக அணைத்து எரிய வைக்க முடியும் என்பதால் பின்னால் கைகொடுக்கும். கடைவீதியில் கிடைக்கிற மலிவுப் பச்சைப் பேனா லேசர் வேண்டாம். அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும் கசியலாம். தெரியாத ஒளிக்கு இமை மூடாது. லேசருக்கு ஏற்ற கண்ணாடி, கதிர் முடியும் இடத்தில் ஒரு கறுப்புத் தடுப்பு, கதிர் போகும் உயரம் உட்கார்ந்தவர் கண்மட்டத்துக்கு வராமல் இருப்பது: இந்த மூன்றும் இல்லாமல் சுவிட்சைத் தொடாதீர்கள். கையில் மோதிரம், கடிகாரம் இருந்தால் கழற்றி வையுங்கள். ஒளி அதில் பட்டு எங்கே தெறிக்கும் என்று சொல்ல முடியாது.

முதல் அடுக்கு

கண்ணாடிச் சில்லில் துளி ஒளிப் பசை, அதன்மேல் ஒரு சிட்டிகை வைரத்துகள். பசை குறைவாக இருக்கட்டும். அல்வாத் துண்டு மாதிரி தடிமனாகப் போட்டால் பசையே ஒளிர ஆரம்பித்துவிடும். சில்லின் அடியில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விட்டத்தில் வளைத்த செம்புக் கம்பி, இதுதான் நுண்ணலை ஆன்டெனா. துகளிலிருந்து வரும் ஒளியை ஒரு லென்ஸ் கூட்டி, 650 நானோமீட்டருக்கு மேல் மட்டும் விடுகிற சிவப்பு ஃபில்டர் வழியாக ஃபோட்டோடையோடுக்கு அனுப்பும். லேசரைப் போட்டுவிட்டு ஃபில்டர் வழியே விழும் ஒளியை ஒரு வெள்ளைக் காகிதத்தில் பிடித்துப் பாருங்கள். செக்கச் சிவந்த பொட்டு தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

நுண்ணலைக்கு ஏடிஎஃப்4351 என்ற சிப் உள்ள போர்டு சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கிறது. 4.4 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். அதன் பின்னால் ஓர் ஆம்ப்ளிஃபையர் வேண்டும். வைஃபைக்கென்று விற்பவை 2.4இலேயே நின்றுவிடலாம், 2.87 வரை வருமா என்று அதன் விவரத் தாளைப் பார்த்து வாங்குங்கள். இன்னொன்று, 2.7இலிருந்து 2.9 கிகாஹெர்ட்ஸ் வரை வானிலை ராடாரும் விமான நிலைய ராடாரும் பயன்படுத்துகிற பட்டை. அதில் நம் அலையைக் காற்றில் விடக்கூடாது. எங்கள் தீர்வு ஒரு எவர்சில்வர் சம்படம், முறுக்கு போட்டு வைப்பது மாதிரி. மூடியில் கேபிளுக்கு ஒரு துளை, ஒளிக்கு ஒரு துளை. பாத்திரக்கடைக்குப் போகும்போது பையில் ஒரு காந்தத்தை எடுத்துப் போங்கள், காந்தம் ஒட்டாத சம்படமாகப் பார்த்து வாங்க வேண்டும். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

அந்தப் பள்ளத்தைப் பார்ப்பது

நுண்ணலையை 2.77இலிருந்து 2.97 கிகாஹெர்ட்ஸ் வரை மெதுவாக நகர்த்தினால், 2.87இல் சிவப்பு ஒளியில் ஒரு பள்ளம் விழ வேண்டும். ஆழம் ஒரு சதவீதம் அளவுக்கு இருந்தாலே நல்ல ஆரம்பம். லேசரின் சொந்த நடுக்கம் இதைவிடப் பெரிதாக இருக்கும். அதனால் நுண்ணலையை ஒரே சீரான வேகத்தில் அணைத்து எரிய வைத்து, அந்த வேகத்தில் ஆடுகிற ஒளியை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். இதைச் செய்கிற கருவிதான் லாக்-இன் ஆம்ப்ளிஃபையர். அது இல்லாவிட்டால் கணினியின் சவுண்ட் கார்டையும் பத்துவரி பைத்தான் நிரலையும் வைத்தே சமாளிக்கலாம். வேகத்தை 1,000 என்று முழு எண்ணாக வைக்காதீர்கள், அது மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸின் மடங்கு. நாங்கள் 1,327 வைத்தோம்.

எங்களுக்கு இரண்டாம் நாளே அருமையான சிக்னல் வந்தது. மாணவர்கள் மிட்டாய் வாங்கி வந்துவிட்டார்கள். எங்கள் லேப் அட்டெண்டர் அண்ணாச்சி பள்ளத்தைப் பார்த்துவிட்டு, “ஏன் சார், லேசர அணைச்சா இது போயிருமா?” என்று கேட்டார். அணைத்தோம். போகவில்லை. ஃபோட்டோடையோடின் கேபிள் நுண்ணலையை நேராகவே வாங்கிக்கொண்டு, ஒளியே இல்லாமல் பள்ளம் காட்டிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து எந்த அளவீட்டுக்கும் முதல் படி ஒளியை மறைத்துப் பார்ப்பது. மறைத்த பிறகும் சிக்னல் இருந்தால் அது வைரம் சொல்வது இல்லை. கேபிளைச் சுருக்கி, உறையிட்டதாக மாற்றி, சம்படத்தை ஒழுங்காக மூடிய பிறகு உண்மைப் பள்ளம் பழையதைவிடச் சின்னதாக, ஆனால் 2.87இல் சரியாக வந்தது.

அது நடுவில் பிளந்து இரட்டையாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். துகளுக்குள் இருக்கும் இறுக்கம் சில மெகாஹெர்ட்ஸ் அளவுக்குப் பிளக்கும்.

நம்மூர்க் காந்தப்புலம்

இப்போது ஒரு நியோடைமியம் காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். ஒற்றைப்படிகத் தகடு என்றால் பள்ளம் எட்டாகப் பிரியும். மையத்தின் அச்சு வைரத்துக்குள் நான்கு திசைகளில் இருக்கலாம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு கோடு. துகளாக இருந்தால் எல்லாத் திசையும் கலந்து வெறுமனே அகன்று, ஆழம் குறையும். அதனால்தான் முடிந்தால் ஒரு தகடும் வாங்கச் சொன்னேன்.

இதில் நமக்கு ஒரு தனிச் சலுகை உண்டு. காந்த நிலநடுக்கோடு நம் பக்கமாகப் போகிறது. கிருஷ்ணாபுரம் என்றால் எல்லோருக்கும் சிற்பத் தூண்கள் ஞாபகம் வரும், அங்கேதான் இந்திய புவிக்காந்தவியல் நிறுவனத்தின் நிலநடுக்கோட்டுப் புவி இயற்பியல் ஆய்வுக்கூடமும் இருக்கிறது. வடநாட்டில் பூமியின் காந்தப்புலம் சாய்ந்து தரைக்குள் இறங்கும். இங்கே கிட்டத்தட்டச் சமமட்டமாக, வடக்கு நோக்கிப் படுத்திருக்கும். அளவு 40 மைக்ரோடெஸ்லாவை ஒட்டி. மேசையில் படுக்கையாக வைத்த தகட்டை மெதுவாகச் சுற்றினால் புலம் அதன் தளத்துக்குள்ளேயே திரும்புகிறது, கணக்குப் போட எவ்வளவு வசதி!

ஆனால் 40 மைக்ரோடெஸ்லா என்பது நம் வைரத்துக்கு 1.12 மெகாஹெர்ட்ஸ் விலகல்தான், அதுவும் அச்சோடு நேராக இருந்தால். பள்ளத்தின் அகலத்துக்குள்ளேயே அது ஒளிந்துவிடும். எனவே காந்தத்தை ஒரே இடத்தில் இறுக்கிப் பொருத்தி, சில மில்லிடெஸ்லா புலம் கொடுத்து எட்டையும் பிரித்துவிட்டு, அதன்மேல் வரும் சிறு மாற்றத்தைப் பாருங்கள். இரும்பு ஸ்டூலை இழுத்துப் போட்டாலே கோடு நகர்வதைப் பார்க்கலாம். எங்கள் அறையில் இப்போது மர ஸ்டூல்தான்.

வெயில்

இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் குளிர் நாடுகளிலிருந்து வரும் கையேடுகள் இதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. சித்திரை மாதம் எங்கள் மாடி அறை காலையில் 29 டிகிரி, பிற்பகலில் 37. எட்டு டிகிரிக்கு 592 கிலோஹெர்ட்ஸ் இறக்கம். அதைத் தவறுதலாகக் காந்தப்புலமாகப் படித்தால் 21 மைக்ரோடெஸ்லா, நம்மூர்ப் பூமிக் காந்தப்புலத்தில் பாதி! இதற்கு மேல் லேசரும் நுண்ணலையும் வைரத்தைத் தனியாகச் சூடாக்கும், மின்விசிறி ஓடினால் குளிரும்.

தப்பிக்கும் வழி எளிது. சூடு ஏறினால் இரு பக்கக் கோடுகளும் ஒன்றாகக் கீழே போகும். காந்தப்புலம் மாறினால் ஒன்று மேலே, ஒன்று கீழே. இரண்டையும் அளந்து, கூட்டிப் பாதியாக்கினால் வெப்பநிலை, கழித்துப் பாதியாக்கினால் காந்தம். ஒரு கோட்டை மட்டும் பார்த்துவிட்டு முடிவு எழுதாதீர்கள். துல்லியமான அளவீடுகளை விடிகாலையில் வைத்துக்கொள்ளுங்கள். தென்காசிக்காரர்களுக்குச் சாரல் காலம் இருக்கிறது, கொடுத்து வைத்தவர்கள்.

இதே ‘தொல்லை’யைத்தான் 2013இல் ஹார்வர்டில் கருவியாக்கினார்கள். உயிருள்ள மனிதச் செல்லுக்குள் நானோவைரத்தை அனுப்பி உள்ளே வெப்பநிலையை அளந்தார்கள்.

வேதியியல்: மூன்று பாட்டில்கள் போதும்

வேதிப்பொருளைக் கண்டறிய முதலில் செய்ய வேண்டியது ஸ்பின் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறது என்று அளப்பது. பச்சை ஒளியால் 0 நிலைக்குக் கொண்டுவந்து, லேசரை அணைத்து, கொஞ்ச நேரம் இருட்டில் விட்டு, மறுபடி அடித்து முதல் கணத்தின் பிரகாசத்தைப் பார்க்க வேண்டும். இருட்டு நேரத்தைக் கூட்டிக்கொண்டே போனால் பிரகாசம் சரியும். அந்தச் சரிவின் காலம்தான் டி1. நல்ல தகட்டில் மில்லிவினாடிக் கணக்கு. நானோவைரத்தில் பத்து மைக்ரோவினாடிகளிலிருந்து சில நூறு வரை. சுற்றிலும் காந்தத் துடிப்புள்ள அயனி இருந்தால் இன்னும் சுருங்கும். மையம் மேற்பரப்பிலிருந்து ஐந்து, பத்து நானோமீட்டரில் இருந்தால்தான் வெளியே இருப்பதன் சலசலப்பு கேட்கும். நானோவைரத்தை இதற்காகத்தான் மூன்றாவதாக வாங்கச் சொன்னேன்.

வேதியியல் துறையிலிருந்து மூன்று பாட்டில்கள் கேட்டு வாங்குங்கள்: வடிநீர், ஸிங்க் சல்பேட், மாங்கனீஸ் சல்பேட். மாங்கனீஸ் அயனியில் ஜோடி சேராத எலெக்ட்ரான் ஐந்து, ஸிங்கில் ஒன்றுமில்லை. இரண்டையும் ஒரே செறிவில், மில்லிமோலார் அளவில் கரையுங்கள். நானோவைரத்தைக் கரைசலில் மிதக்கவிடாமல் கண்ணாடியில் ஒட்டிவிடுங்கள், உப்பைக் கண்டால் அது திரண்டுவிடும். வரிசை இப்படி: வடிநீர், ஸிங்க், வடிநீரில் கழுவல், மாங்கனீஸ், மறுபடி வடிநீர். ஸிங்கிலேயே டி1 சுருங்கினால் நீங்கள் அளப்பது மாங்கனீஸை இல்லை. உப்போ, அமிலத்தன்மையோ, ஒட்டிய துகள் பெயர்ந்ததோ ஏதோ ஒன்று. கடைசி வடிநீரில் பழைய இடத்துக்குத் திரும்பாவிட்டால், அயனி மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

லேசரால் மட்டுமே அளக்கும்போது மையம் தன் மின்னேற்றத்தை இழந்தும் சரிவு காட்டலாம். ஒருமுறை நுண்ணலைத் துடிப்போடும் ஒருமுறை இல்லாமலும் எடுத்துக் கழித்தால் ஸ்பின்னின் பங்கு மட்டும் மிஞ்சும்.

சில பொறிகள். பெர்மாங்கனேட்டில் மாங்கனீஸ் இருக்கிறதே என்று எடுக்காதீர்கள். அதில் ஜோடி சேராத எலெக்ட்ரான் இல்லை, தவிர அந்த ஊதா நிறம் பச்சை லேசரையே விழுங்கிவிடும். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) காந்தத்தன்மை உள்ளதுதான், ஆனால் அதன் நீலம் நம் சிவப்பு ஒளியை உறிஞ்சும். பிரகாசம் குறைந்ததை வைத்து ‘கண்டுபிடித்துவிட்டோம்’ என்று குதிக்காமல், சரிவின் காலத்தை மட்டும் பாருங்கள்.

அப்புறம், தாமிரபரணித் தண்ணீர். “சார், பேர்லயே தாமிரம் இருக்கே, வைரத்துல வச்சுப் பாத்துருவோமா?” என்று வருடத்துக்கு ஒருவராவது கேட்காமல் இருப்பதில்லை. பார்க்கலாம். ஆனால் வைரம் சலசலப்பு இருக்கிறது என்று மட்டும் சொல்லும், செம்பா இரும்பா மாங்கனீஸா என்று சொல்லாது. கரைந்த ஆக்ஸிஜனுக்கும் காந்தத்தன்மை உண்டு. குறிப்பிட்ட அயனியை மட்டும் பிடிக்கிற மூலக்கூறை மேற்பரப்பில் நட்டால்தான் பதிலுக்குப் பெயர் வைக்க முடியும். ஆற்று நீரில் செம்பின் அளவு தெரிந்தால் போதும் என்றால் அணு உறிஞ்சல் நிறமாலைமானிக்கு அனுப்புங்கள், அதுதான் நேர்வழி.

உயிரியல்: சிவப்பெல்லாம் வைரம் இல்லை

ஒரு வாழையிலைத் துண்டை நசுக்கி ஆல்கஹாலில் ஊற வையுங்கள். வடிகட்டிய பச்சைத் திரவத்தில் லேசரை அடித்தால் கதிர் போகும் வழி சிவப்பாகத் தெரியும். பச்சையம் 680 நானோமீட்டர்ப் பக்கம் ஒளிர்கிறது, நம் ஃபில்டர் அதையும் தாராளமாக உள்ளே விடும். பாசி, இலை, திசு எதுவானாலும் இந்தச் சிக்கல் வரும்.

இங்கேதான் இந்தக் குற்றம் கைகொடுக்கிறது. நுண்ணலையை அணைத்து எரிய வைத்தால் வைரத்தின் ஒளி மட்டும் அதற்கு ஏற்ப ஆடும், பச்சையம் அசையாது. அந்தச் சாற்றில் துளி நானோவைரம் கலந்து, லாக்-இன்னில் பார்த்துவிட்டு, வைரமில்லாத சாற்றையும் பாருங்கள். இந்த ஒரு சோதனையைக் கையால் செய்தவருக்குப் பின்னால் வருவதெல்லாம் புரியும்.

2020இல் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரிக் குழு செய்தது இதே தந்திரத்தைத்தான். கர்ப்பப் பரிசோதனை அட்டை மாதிரியான காகிதப் பட்டையில் தங்கத் துகளுக்குப் பதில் நானோவைரத்தை வைத்து, நுண்ணலையால் ஆட்டி, பின்னணியிலிருந்து பிரித்தார்கள். மாதிரிச் சோதனையில் தங்கத் துகளைவிட ஒரு லட்சம் மடங்கு உணர்திறன் கிடைத்தது, எச்.ஐ.வி. ஆர்.என்.ஏ.வைப் பிடிக்கவும் காட்டினார்கள். நம் கல்லூரியில் நோய்க் கிருமியைத் தொட வேண்டியதில்லை. பயோட்டின் என்ற வைட்டமினும் அவிடின் என்ற புரதமும் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொள்ளும் ஜோடி, அதை வைத்தே பட்டையைப் பழகலாம். கார்பாக்ஸில் மேற்பரப்புள்ள நானோவைரம் வாங்கினால் புரதத்தை இணைப்பது உயிர்வேதியியல் துறைக்குப் பழகிய வேலை. முதலில் அல்புமின் பூசிவிடுங்கள், உப்புக் கரைசலில் திரளாது.

இதைத் தாண்டி நரம்பின் காந்தப்புலம், ஒற்றைப் புரதத்தின் அணுக்கரு சிக்னல் என்று போக ஆசை வரும். 2016இல் கடல் புழுவின் தனி நரம்பு பாய்ச்சிய சிக்னலையே வைரத்தால் படித்திருக்கிறார்கள். அதற்குத் தூய தகடும் நல்ல ஆய்வகமும் வேண்டும். தேசிய குவாண்டம் திட்டத்துக்கு 2023 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது, அதில் உணரிகளுக்கான மையம் ஐஐடி பம்பாயில் இருக்கிறது. கோடை விடுமுறைப் பயிற்சிக்கு அந்த மாதிரி இடங்களுக்கு எழுதும்போது மதிப்பெண் பட்டியலோடு, ஒளியை மறைத்து எடுத்த வரைபடத்தையும் ஸிங்க் சல்பேட் வரைபடத்தையும் சேர்த்து அனுப்புங்கள். எங்கள் மாணவி ஒருத்தியிடம் நேர்காணலில் கேட்ட முதல் கேள்வியே அந்த ஸிங்க் கோடு ஏன் இவ்வளவு தட்டையாக இருக்கிறது என்பதுதான்.